ஒரே டிக்கெட்

எழும்பூரிலிருந்து ராமேசுவரத்துக்குப் புறப்படும் ராத்திரி வண்டிக்கு ரயில்வேக்காரர்கள் எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும், கும்பகோணம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு அது ‘போட் மெயில்’தான். “மாயவரத்தில் போட் மெயிலைப் பிடித்தேன்” என்பார்கள். மாயவரத்துக்கும் போட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷங்கள் ஆன பிறகும் வாசலில் அவர் பெயர்ப் பலகை தொங்கிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் அது.

போட் என்றால் கப்பல். ஒரு காலத்தில் எழும்பூர் ஸ்டேஷன் ஜன்னலில் பணத்தை நீட்டி, “கொழும்பு, ஒன்று” என்று கேட்டால் ஒரே டிக்கெட் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு தனுஷ்கோடி வரை ரயிலில் போகலாம். அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறலாம். சுமார் 22 மைல் கடலை இரண்டு மணி நேரத்தில் தாண்டித் தலைமன்னாரில் இறங்கினால், துறையிலேயே இலங்கை ரயில் காத்துக்கொண்டிருக்கும். அதில் படுத்துத் தூங்கி எழுந்தால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் மட்டும் மதவாச்சியில் வண்டி மாறிக்கொள்ள வேண்டும். இரண்டு ராத்திரி, ஒரு பகல். அவ்வளவுதான் பிரயாணம். அன்றைய சென்னைவாசிக்குக் கொழும்பு ஒரு வெளிநாடாகவே தோன்றியிராது. ரயில் போகிற ஊர்களில் அதுவும் ஒன்று.

இந்த ஏற்பாடு ஆரம்பமான வருஷம் 1914. அதற்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி, ஒரு ராத்திரி முழுவதும் அலையில் புரண்டு, வயிற்றில் இருப்பதையெல்லாம் மன்னார் வளைகுடாவுக்குத் தத்தம் செய்துவிட்டுப் போய்ச் சேருவார்கள். ராமர் அணை நெடுகிலும் பாலம் போட்டு ரயிலையே இலங்கைக்கு ஓட்டிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. செலவுக் கணக்கைப் பார்த்ததும் அதைக் கட்டி வைத்துவிட்டார்கள். பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், மீதிக்குக் கப்பல் என்று முடிவாயிற்று. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளைப் போலத் தூக்கிக்கொள்ளும் பாகம் ஷெர்ஸர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை. ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளித்தான் அதைத் திறப்பார்கள். தனுஷ்கோடியிலிருந்து ஓடிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஆளுவது யார் என்பது கடலுக்கும் தெரிய வேண்டாமா?

ஒரு சிறு விஷயத்தை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துத் தண்டவாளம் மீட்டர் கேஜ்; இலங்கைத் தண்டவாளம் ஐந்தடி ஆறங்குல அகலம். ஆகவே கடல் முழுவதற்கும் பாலம் போட்டிருந்தாலும் எழும்பூர் வண்டி அப்படியே கொழும்புக்கு ஓடியிருக்க முடியாது.

1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்து சேர்ந்தது. விமானத்தை நான் வையப் போவதில்லை. அவசரமாகப் போகிறவனுக்கும் உடம்பு முடியாதவனுக்கும் அது தெய்வம். நானும் சென்னையிலிருந்து கொழும்புக்கு அதில்தான் போயிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ராமர் அணையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னலோரமாக இடம் கேட்டு வாங்கியிருந்தேன். கீழே மேகம். மேகம் விலகுவதற்குள் காப்பி வந்தது. காப்பி முடிவதற்குள் பெல்ட்டைக் கட்டச் சொன்னார்கள். நடுவில் ஒரு கடல் இருந்தது என்பதற்கு எனக்கு அத்தாட்சி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தேன், வேறொரு கட்டடத்திலிருந்து வெளியே வந்தேன். வெளியே வந்தபோது அது வெளிநாடு.

ரயிலும் கப்பலுமாகப் போனவனுக்கு அந்த வெளிநாடு எங்கே ஆரம்பித்திருக்கும்? மாயவரத்தில் காதில் விழுந்த தமிழ் மானாமதுரையில் கொஞ்சம் மாறும். மண்டபத்தில் இன்னும் மாறும். கடலைத் தாண்டித் தலைமன்னாரில் கால் வைத்தால் அங்கேயும் தமிழ்தான். மன்னார்த் தமிழ். அப்புறம் இருட்டு, மதவாச்சி, அநுராதபுரம் என்று வண்டி போகப் போகத்தான் பிளாட்பாரத்துப் பேச்சு சிங்களமாகும். கோடு கிழித்தாற்போல ஓர் இடம் கிடையாது. எல்லை என்பது தேசப் படத்தில்தான் கோடு. தரையில் அது ஒரு ராத்திரி முழுவதும் நீளும்.

இதைப் படிக்கும்போது வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு வண்டியும், கப்பல் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கனவான்களும் உங்கள் கண்முன் வருவார்கள். பழைய புகைப்படங்களில் அவர்கள்தான் அதிகம் இருக்கிறார்கள். ஆனால் அந்த வழி அவர்களுக்காக மட்டும் போடப்பட்டதல்ல. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

ரயில் வருவதற்கு முந்தைய நூற்றாண்டில், காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்கள் தோணியில் கடலைத் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1901-இல் ‘தகரத் துண்டு’ முறை வந்தது. போகிறவன் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிவிடுவார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பது அதில் பொறித்திருக்கும். ரயில்காரனும் கப்பல்காரனும் அந்த இலக்கத்தைப் பார்த்து ஆளை அனுப்பிவிட்டுச் செலவைத் தோட்டத்தின் பேரில் எழுதிக்கொள்வார்கள். தோட்டம் கங்காணியின் பேரில் எழுதும். கங்காணி யார் பேரில் எழுதுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டுப் புறப்படும்போதே கடன் கழுத்தில் தொங்கியது.

மெயில் வண்டி மேல் வகுப்புப் பிரயாணிகளோடு பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, கூலிகளை மண்டபத்தில் இறக்கினார்கள். இலங்கைச் சர்க்கார் இந்திய மண்ணிலேயே அங்கே ஒரு முகாம் நடத்தியது. தொற்றுநோய் தோட்டங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, கட்டியிருந்த துணியை ஆவியில் வேகவைத்துக் கொடுத்து, பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒரே தண்டவாளம்தான். ஆனால் ஒருவனுக்கு அது இரண்டு ராத்திரிப் பிரயாணம். இன்னொருவனுக்கு மூன்று தலைமுறைப் பிரயாணம்.

1939-இல் இந்தியச் சர்க்கார் கூலிகள் போவதைத் தடுத்தது. 1948-இல் இலங்கையின் பிரஜா உரிமைச் சட்டம் வந்து, மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர்களல்லாமல் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். சொத்துப் பாகப் பிரிவினையில்கூட அண்டா குண்டாவைக் கொஞ்சம் தயங்கித்தான் பிரிப்பார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடியவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் அடித்த புயல் தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போயிற்று. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலில் போயிற்று. போட் மெயில்தான் மூழ்கியது என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது சரியல்ல; போனது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பன் பாலத்தில் 126 கர்டர்களை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பின்னாளில் டில்லி மெட்ரோவை அமைத்துப் பெயர் பெற்ற ஸ்ரீதரன் அப்போது இளம் எஞ்சினீயர். மீனவர்கள் கடலடியில் கண்டு சொன்ன கர்டர்களைத் தூக்கி எடுத்துப் பொருத்தி, 46 நாளில் பாலத்தை நிறுத்திவிட்டார்.

46 நாள்! அந்தச் சாதனையை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. கூடவே வேறொன்றும் தோன்றுகிறது. பாம்பன் பாலத்துக்கு அப்பால் ராமநாத சுவாமி இருந்தார். தேசம் முழுவதும் அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. தனுஷ்கோடிக்கு அப்பால் இருந்தது இலங்கை. அதற்குள் கனவான்கள் விமானத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். தனுஷ்கோடித் தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. வசதியுள்ளவன் விட்டுவிட்ட வழி ஏழையின் வழியாகிவிடுகிறது. அது அறுந்தால் முடிச்சுப் போட ஆளுக்கு அவசரம் இருப்பதில்லை. மண்ணும் மழையும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கப்பல் ராமேசுவரத்துக்கு மாறிற்று. ‘ராமானுஜம்’ என்று அதற்குப் பெயர். ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் வந்தது அதில்தான். மலையகத்தில் ரயிலுக்குக் ‘கோச்சி’ என்று பெயர். அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன வண்டியை அங்குள்ளவர்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

அந்த வண்டியில் வந்த பெரியவர் ஒருவரைக் கூடலூர்ப் பக்கத்தில் சந்தித்தேன். ஹட்டனில் பிறந்தவர். மண்டபத்தில் இறங்கிய நாள்தான் அவர் இந்தியாவை முதன்முதலாகப் பார்த்த நாள்.

“ஒரே டிக்கெட்டில் வந்தீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

“டிக்கெட்டு நாங்க எடுக்கலீங்க. சர்க்கார் எடுத்துக் குடுத்திச்சு” என்றார். சற்று நேரம் கழித்து, “வர்றதுக்கு மட்டும்” என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய அக்காவும் அக்கா பிள்ளைகளும் அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தவர்கள்.

1980-களின் நடுவில், சண்டை மூண்டபின், கப்பலும் நின்றது. மண்டபம் முகாம் அகதிகளால் நிரம்பியது. தலைமன்னார் ரயில் பாதை 1990-இல் மூடப்பட்டு, 2015 மார்ச்சில் இந்தியாவின் உதவியோடு திரும்பப் போடப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் விட்டார்கள். அது ரயிலோடு கோத்த வழி அல்ல. பழைய பாம்பன் பாலம் 2022-இல் ஓய்ந்தது. நடுப்பாகம் அப்படியே செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டிருக்கிறது.

தண்டவாளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? பாம்பன் வழியை 2007-இல் அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். ராமேசுவரம் ஸ்டேஷனிலும் தலைமன்னார்த் துறையிலும் இன்று ஒரே அளவு, ஐந்தடி ஆறங்குலம். நம் பெட்டி அந்தப் பக்கம் ஓடும். அவர்கள் பெட்டி இந்தப் பக்கம் ஓடும். போட் மெயில் தினமும் காலையில் ராமேசுவரத்துக்கு வந்து நிற்கிறது. ஜனங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அக்கினி தீர்த்தத்தை நோக்கி நடக்கிறார்கள்.