சிமுலேற்றரில் பறக்கும் பயணிகள் விமானம்: சின்ன விடயங்கள் ஏன் முக்கியம்?

விமானத்தைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் அறிந்துகொண்டவர்கள் நாங்கள். கிபிருக்கு ஒரு சத்தம், சகடைக்கு இன்னொரு சத்தம், ஹெலிக்கு வேறொன்று. எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடவேண்டும், எதற்கு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் அறிந்திருந்தது. அப்படி வளர்ந்த நான் இன்று ஓய்வு நேரத்தில் கணினியில் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன் என்றால் பலர் சிரிக்கிறார்கள். அம்மா சிரிப்பதில்லை. அறைக்கதவைச் சாத்தச் சொல்வார்.

கொரோனாக் காலத்தில் அக்காவின் மகன் தான் இதை என் கணினியில் பதிந்து தந்தான். விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் இது வெறும் விளையாட்டு அல்ல என்று விளங்கியது.

விமானம் ஓட்டாமல் விமானம் ஓட்டப் பழகுவது புதிய யோசனை அல்ல. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் காற்றுத் துருத்திகளால் அசையும் ஒரு பெட்டியைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பெருந்தொகையான விமானிகள் அதற்குள் இருந்துதான் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகினார்கள். வீட்டுக் கணினிக்கான மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேற்றர் 1982இல் வந்தது. சில கோடுகளும் சில வட்டங்களுமாக இருந்த அந்தத் திரை, 2020இல் வெளியான பதிப்பில் செய்மதிப் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் காட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆனால் இதில் ஊறியவர்கள் மேகத்தின் அழகைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. அவர்கள் தேடுவது விமானி அறைக்குள் இருக்கும் நுணுக்கத்தை.

ஒரு உதாரணம். போயிங் 737 விமானத்தை மின்சாரம் இல்லாத நிலையிலிருந்து தயார் செய்யும்போது, தான் இருக்கும் இடத்தையும் திசையையும் கணிக்கும் கருவிகளை முதலில் இயக்கவேண்டும். அவற்றுக்குள் இருக்கும் லேசர் சுழல்காட்டிகள் பூமி சுழல்வதை உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகே இதற்கு அண்ணளவாக 5 நிமிடங்கள் போதும். துருவத்தை நெருங்க நெருங்க நேரம் கூடி 17 நிமிடங்கள் வரை செல்லும். அதற்கிடையில் விமானத்தை அசைக்கக்கூடாது. அசைத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நல்ல சிமுலேற்றர் விமானங்களில் இந்தக் காத்திருப்பும் இருக்கிறது. காத்திருக்க விரும்பாதவர்கள் அதைச் சுருக்கிக்கொள்ளவும் வழி உண்டு. நான் சுருக்குவதில்லை.

இன்னொன்று, எயார்பஸ் ஏ320இல் வரும் நாய் குரைக்கும் சத்தம். அதில் பயணித்த எவரும் தரையில் நிற்கும்போது காலுக்குக் கீழே 'வவ் வவ்' என்று அறுப்பது போன்ற ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். விமானத்தின் சில்லு, இறக்கைத் தட்டுகள் போன்றவற்றை அசைக்கும் எண்ணெய் அழுத்தம் தனித்தனித் தொகுதிகளில் ஓடுகிறது. ஒரு எஞ்சினை மட்டும் இயக்கியிருக்கும்போது இரண்டு தொகுதிகளுக்கிடையே அழுத்தம் 500 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால், ஒன்றின் பலத்தை மற்றதற்குக் கடத்தும் கருவி வேலைசெய்யத் தொடங்கும். அதன் சத்தம்தான் அது. இந்த விமானத்தைச் சிமுலேற்றருக்கு உருவாக்குபவர்கள் அந்தக் குரைப்பையும் சேர்க்கிறார்கள். பாவனையாளர்கள் அதன் இடைவெளி சரியா என்று கூடக் கவனிக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் இருந்து ஓட்டுபவருக்கு அது ரசனை. தொழில்முறை விமானிக்கு அது உயிர்.

2001 நவம்பர் 12ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் எயார்லைன்ஸ் 587 என்ற விமானம் சில நிமிடங்களிலேயே விழுந்து நொறுங்கியது. தரையில் இருந்தவர்களுடன் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். முன்னே சென்ற பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழியில் அது ஆடியபோது, துணை விமானி வால் சுக்கானை இடமும் வலமுமாகப் பலமாக மிதித்தார். செங்குத்து வால் முறிந்து கழன்றது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, சுக்கானின் வடிவமைப்போடு விமானிகளுக்கு அளித்த பயிற்சியின் சில பகுதிகளும் இதற்குத் துணைபோயின என்றது. அந்தப் பயிற்சியில் காற்றுச் சுழியைக் காட்டிய சிமுலேற்றர், அவ்வளவு பெரிய விமானம் உண்மையில் உருளாத அளவுக்கு அதை உருட்டிக் காட்டியது. பொய்யான ஆபத்தைக் காட்டி, மிதமிஞ்சிய பதிலைக் காலுக்குப் பழக்கியது.

போயிங் 737 மக்ஸ் விமானத்தின் கதை இதன் மறுபக்கம். 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் அவை விழுந்து 346 பேர் இறந்தார்கள். எத்தியோப்பிய விமானத்தில், மூக்கு கீழே அமுங்கியபோது அதைச் சரிசெய்யும் சில்லைக் கையால் திருப்ப விமானிகள் முயன்றார்கள். வேகம் கூடியிருந்ததால் காற்றின் பாரம் அதை அசையவிடவில்லை. மக்ஸ் சிமுலேற்றரின் மென்பொருள் சில பறப்பு நிலைமைகளைச் சரியாகக் காட்டவில்லை என்று அந்த ஆண்டு மே மாதம் போயிங் ஒப்புக்கொண்டு திருத்தியது. அந்தச் சில்லு எவ்வளவு இறுகும் என்பதே அந்தக் குறைபாடு என்று செய்திகள் வெளிவந்தன. ஒரு சில்லின் இறுக்கம், அவ்வளவுதான். பார்த்தால் சின்ன விடயம்.

இவற்றை வாசித்த பிறகு ஒன்று எனக்குத் தெளிவானது. சிமுலேற்றர் மூளைக்குப் பாடம் சொல்வதில்லை, உடம்புக்குச் சொல்கிறது. உடம்பு தான் முதலில் பழகியதையே நெருக்கடியில் செய்யும். இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் தாழப் பறக்கும் விமானத்தின் சத்தத்துக்குக் குனிகிற உடம்புகள் எங்களுடையவை.

உடம்பை ஏமாற்றவும் இந்த இயந்திரங்களுக்குத் தெரியும். விமான நிறுவனங்கள் பாவிக்கும் உயர்தரச் சிமுலேற்றர் ஆறு கால்களில் நிற்கும் ஒரு முழு விமானி அறை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது முதுகு இருக்கையோடு அமுங்கவேண்டும். ஆனால் அந்த அறை எங்கும் ஓடுவதில்லை. எனவே அது மெதுவாகப் பின்பக்கம் சரிகிறது. திரையில் ஓடுபாதை மட்டமாகத் தெரிவதால், புவியீர்ப்பு முதுகை இழுப்பதை வேகம் என்று உள்காது நம்பிவிடுகிறது. வீட்டுக் கணினியில் அதுவும் கிடையாது. மேசையும் கதிரையும் அசையாமல் இருக்கும்.

வீட்டுச் சிமுலேற்றருக்கு இன்னொரு குறையும் உண்டு. விமானி அறை ஆணி வரை உண்மை, வெளியே தெரியும் தரையில் பாதி ஊகம். செய்மதிப் படத்தைப் பார்த்து, இங்கே ஒரு வீடு இருக்கலாம் என்று மென்பொருள் தானாகவே கட்டிவிடுகிறது. பலாலி ஓடுபாதையிலிருந்து எழும்பி எங்கள் ஊரான வசாவிளானைத் தேடினேன். 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு விட்டுவந்த வளவு. கூரையில்லாத சுவர் நிற்கிற இடத்தில் முழுக்கூரையோடு ஒரு வீட்டை வைத்திருந்தது கணினி. கொஞ்சநேரம் சுற்றிவிட்டு இறங்கிவிட்டேன்.

அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னை போகவேண்டி வந்தது. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதிலிருந்து சென்னைக்கு ஏரிஆர் 72 என்ற காற்றாடி விமானங்கள் சேவையில் ஈடுபட்டு வந்துள்ளன. காற்றாடி என்றதும் அம்மா மறுத்துவிட்டார். "சகடையில நான் ஏறமாட்டன்" என்றார்.

அதே ஏரிஆர் விமானம் 2023இல் மைக்ரோசொப்ட் சிமுலேற்றருக்கும் வந்திருந்தது. ஒரு பின்னேரம் அம்மாவை அருகே இருத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொன்றையும் வருவதற்கு முன்பே சொன்னேன்.

"வலது எஞ்சின் ஓடும், ஆனால் காற்றாடி சுத்தாது அம்மா. அதுக்குத் தடை போட்டிருக்கு. நிக்கேக்க லைற்றுக்கும் குளிருக்கும் அந்த எஞ்சின்தான் கறன்ட் குடுக்கிறது. பிறகு தடையை எடுப்பினம், சத்தம் கூடும்."

"உது என்ன தட்டுற சத்தம்?"

"மேல எழும்பினவுடன சில்லு உள்ளுக்குப் போறது."

முக்கியமானது அதற்குப் பிறகு வருவது. எழும்பிச் சற்று நேரத்தில் காற்றாடிகளின் சுழற்சியை விமானிகள் 100 வீதத்திலிருந்து 82 வீதத்துக்குக் குறைப்பார்கள். சத்தம் சட்டென்று தணியும். தெரியாதவருக்கு எஞ்சின் நின்றதுபோல இருக்கும். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுக் காட்டினேன். சிமுலேற்றர் அதைச் சரியாகவே செய்தது. பிழையாகச் செய்திருந்தால் நான் அம்மாவுக்குப் பொய் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் பறந்தோம். தடை எடுத்தபோது அம்மா தலையாட்டினார். சில்லு தட்டியபோது என்னைப் பார்த்தார். சத்தம் தணிந்தபோது, "இதுதானே நீ சொன்னது" என்றார்.

ஆனால் இருக்கையும் தரையும் அதிர்வதை நான் சொல்லியிருக்கவில்லை. என் கணினிக் கதிரை அதிர்வதில்லை, அதனால் எனக்கே அது தெரியாது. கீழே பலாலிக் கரை மறைந்து கடல் தொடங்கியும் அம்மா என் கையை விடவில்லை.