சாமனப்பள்ளிக்கு வந்த மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ஒரு விழா நடந்தது. ஓசூர் வட்டாரத்தில் முதலமைச்சர் வருகிறார் என்றால் புதுத் தொழிற்சாலை ஏதாவது திறக்கப் போகிறார் என்றுதான் ஊர் நினைக்கும். அன்று மு.க.ஸ்டாலின் வந்தது மாத்திரை கொடுக்க. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் வீட்டுக்கே போய் மருந்துப் பையைக் கையில் கொடுத்தார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தக் கிராமத்திலிருந்துதான் தொடங்கியது.

அந்தப் பையில் இருந்தவை எல்லாம் பழைய மருந்துகள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போன்றவை. எந்த மெடிக்கலில் கேட்டாலும் கிடைக்கும். ஒரு மாத்திரைக்கு மொத்தக் கொள்முதலில் ஆகும் செலவு மிகக் குறைவு. இருந்தும் 2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ என்ற தொற்றா நோய் ஆய்வின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. இத்தனை மலிவான மருந்து இத்தனை பேருக்கு எட்டாமல் போனது எப்படி? அதற்கு முன், அது மலிவானதே எப்படி என்று பார்க்க வேண்டும். அந்தக் கதை ஒரு நீதிபதியிடமிருந்து தொடங்குகிறது.

சுதந்திரம் வந்த பிறகும் இங்கே நடப்பில் இருந்தது 1911-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். ஒரு மருந்துக்கு 16 ஆண்டு ஏகபோகம். அமெரிக்க செனட்டில் எஸ்டஸ் கீஃபாவர் தலைமையில் மருந்து விலையைத் தோண்டித் துருவிய குழு, சில ஆன்டிபயாடிக் மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று கண்டது. ஏழை நாட்டில் பணக்கார விலை! சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போன என்.ராஜகோபால அய்யங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கை இதன் வேரைச் சொன்னது. இந்தியக் காப்புரிமைகளில் பத்தில் எட்டுக்கும் மேல் வெளிநாட்டாரிடம் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை வைத்து இங்கே எதுவும் தயாரிக்கப்படவே இல்லை.

அந்த அறிக்கையின் மேல் எழுந்ததுதான் 1970-ஆம் ஆண்டின் சட்டம். 1972-ல் நடைமுறைக்கு வந்தது. இனி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டு. ஒருவர் கண்டுபிடித்த மருந்தை வேறு வழியில் தயாரிக்க முடிந்தவர் தாராளமாகத் தயாரிக்கலாம். இதன் பலனுக்கு அம்லோடிபினே சாட்சி. ஃபைசர் நிறுவனம் கண்டுபிடித்த இந்த மருந்து, அமெரிக்காவில் 2007 வரை அந்த ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. இந்தியாவிலோ 1990களிலேயே பல கம்பெனிகள் போட்டி போட்டு விற்றன.

ஓசூர் வளர்ந்ததும் இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான். 1971-ல் பிறந்த சிப்காட் என்ற மாநில அரசு நிறுவனம், பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த இந்தக் குளிர்ந்த ஊரில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வந்த பெரிய பெயர்களுக்கு நடுவே மருந்துக் கம்பெனிகளும் வந்தன. மைக்ரோ லேப்ஸ் இங்கே மாத்திரை தயாரிக்கிறது. குளோபல் கால்சியம் மருந்துக்கான மூலப்பொருளைத் தயாரிக்கிறது. நாட்டின் எங்கோ ஒரு மூலையில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பவர் ‘சிப்காட், ஓசூர்’ என்ற முகவரியைப் படிக்க நேரலாம்.

ஊரில் மாத்திரை தயாரானால் ஊராருக்கு மலிவாகக் கிடைத்துவிடுமா என்ன! கம்பெனி வாசலுக்கும் நோயாளியின் கைக்கும் நடுவே மொத்த வியாபாரி, மெடிக்கல் பிரதிநிதி, டாக்டரின் சீட்டு, கடைக்காரரின் லாபம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே மருந்து ஒரு பெயரில் ஒரு விலை, இன்னொரு பெயரில் அதன் பல மடங்கு. மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலும் தேய்ந்துகொண்டே வந்தது: 1979-ல் 347 மருந்துகள், 1987-ல் 142, 1995-ல் 74. அந்நாளில் ஜி.எச்.சுக்குப் போனால் பல நேரம் ஸ்டாக் இருக்காது. ‘வெளியில எழுதித் தர்றேன், வாங்கிக்குங்க’ என்ற சீட்டுதான் மிஞ்சும். ஒரு காய்ச்சலுக்கு வெளியில் வாங்கிவிடலாம். ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டிய மாத்திரைக்கு?

இதற்குத் தமிழ்நாடு கண்ட விடை ஒரு கிடங்கும் ஒரு பாஸ் புத்தகமும். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. சுகாதாரச் செயலாளராக இருந்த ஆர்.பூரணலிங்கம்தான் இதன் சிற்பி. மாநிலத்துக்கே சேர்த்து அத்தியாவசிய மருந்துகளின் ஒரே பட்டியல், மருந்தின் பொதுப்பெயரில் ஒரே டெண்டர். டெண்டருக்கு இரண்டு உறை: தரமும் தகுதியும் ஒன்றில், விலை மற்றொன்றில். முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைத் திறப்பதே இல்லை. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம். அதில் உள்ள தொகைக்குத் தனக்கு வேண்டிய மருந்தை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊரில் எது தீர்கிறது என்று கணினியில் தெரிந்துவிடும். 1990களின் நடுவில் ஓர் அரசு அலுவலகம் கணினியை இப்படிப் பயன்படுத்தியதைக் கொஞ்சம் வியந்துதான் சொல்ல வேண்டும்.

டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துத் தந்த மாத்திரை, அரசு முத்திரை போட்ட அட்டைக்குள் போனதும் அப்போதுதான். திருடி வெளியில் விற்றால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். கேரளம் 2007-ல் இதே போன்ற கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆனால் பாஸ் புத்தகத்தின் அதிகாரம் பழைய மருந்துகள் வரைதான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005-ல் மருந்துக்கே மறுபடி காப்புரிமை வந்தது. அடுத்த சண்டைகள் சென்னையில் நடந்தன. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக் அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 10,000-க்குள். நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(d) பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கை, 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துவிட்டது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு பிரபா ஸ்ரீதேவனின் மேசைக்கு இன்னொரு மருந்து வந்தது. அப்போது அவர் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவர். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸாவாரை பேயர் நிறுவனம் மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. அதையே 8,880 ரூபாய்க்குத் தர நாட்கோ நிறுவனத்துக்கு 2012-ல், காப்புரிமை உள்ளவரின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் ‘கட்டாய உரிமம்’ கிடைத்திருந்தது. வாரியம் அந்த உரிமத்தை உறுதி செய்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் எந்த மருந்துக்கும் கட்டாய உரிமம் வழங்கப்படவில்லை. சாமனப்பள்ளியில் விழா நடந்த அதே 2021-ல், முதுகுத் தண்டு தசைநார்ச் சிதைவு என்ற மரபு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பெற்றோர்கள் ஊர் உலகத்திடம் கையேந்திக்கொண்டிருந்தார்கள்.

சாமனப்பள்ளியின் கதை வேறு. அங்கே மருந்து இலவசம். மருந்தை வாங்கப் போவதுதான் செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பஸ் கட்டணம், காத்திருப்பு, கூடவே அன்றைய கூலி. ரோஜாத் தோட்டத்திலோ மாந்தோப்பிலோ வேலை செய்பவர் மாதம் ஒருநாள் அதற்காக இழந்தாக வேண்டும். உடம்பில் வலி எதுவும் தெரியாத நோய்க்கு எத்தனை மாதம் அப்படிப் போவார்? கொரோனா முடக்கம் வந்தபோது போகிறவர்களின் வழியும் அடைபட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து, அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு அதன் பிறகே வந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

இதிலும் ஓர் ஓட்டை தெரிந்தது. தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது ஆண்கள் வேலையில் இருப்பார்கள். ஓசூரிலோ நைட் ஷிஃப்ட் முடித்தவர் அறைக்குள் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் 2024-ல் தொழிற்சாலைகளுக்குள்ளேயே போய்ப் பரிசோதிக்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலைதான் சிக்கல்: இந்த வருடம் சிப்காட், அடுத்த வருடம் எல்லை தாண்டி பொம்மசந்திரா. கர்நாடகத்தில் அறை எடுத்தவுடன் தமிழ்நாட்டுப் பதிவேடு அவருக்கு உதவாது. அம்லோடிபினை அவர் மறுபடி மெடிக்கலில் வாங்க நேரலாம்.