மதிலில் ஆறாவது முகம்

பள்ளிக்கூட மதிலில் ஊர்ப் பெரியவர்களை வரைவம் எண்டு ஆர் கதையைத் தொடங்கினாலும், முதல் நாலைந்து பெயர் யோசிக்காமலே வந்துவிடும். ஆறுமுக நாவலர் கட்டாயம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரை விட ஏலுமா? பிறகு சி. வை. தாமோதரம்பிள்ளை, சேர் பொன். இராமநாதன், யோகர் சுவாமி. 2019 கடைசியில் நாடு முழுக்க இளம் ஆட்கள் மதில்களில் படம் கீறினபோது யாழ்ப்பாணத்திலும் தூரிகை எடுத்தார்கள். அப்போதிருந்து எங்களுக்குள் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: ஆறாவது ஆர்?

இதைப் பள்ளிக்கூட மதிலில் கேட்கிறதுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில் இடமில்லை. நிலத்தில்தான் இருக்க வேண்டும். பல பள்ளிக்கூடங்கள் அவர்களைச் சேர்க்கவே இல்லை. 1930ஐ ஒட்டிய காலத்தில், அரச உதவி பெறும் பள்ளிகளில் எல்லாரும் சமமாக இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எதிர்த்தவர்கள் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீயே வைத்தார்கள். ஒரு வாங்குக்காக!

சம ஆசனத்துக்காக நின்றவர்களில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் முக்கியமானது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, 1927இல் காந்தியை இங்கே அழைத்தது அவர்கள்தான். அதன் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தார். வடமராட்சியில் சூரன் வேறு வழி எடுத்தார். தங்கள் பிள்ளைகளுக்கு மற்றப் பள்ளிகளில் கதவு திறக்காத காலத்தில், தேவரையாளியில் தாங்களே ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பினார். அந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பட்டணத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், பாதிப்பேர் முழிப்பார்கள்.

ஆனால் எங்கள் ஓட்டு டொமினிக் ஜீவாவுக்கு. 1927இல் பிறந்தவர். சாதியைச் சொல்லி ஆசிரியர் ஒருவர் பேசிய பேச்சோடு சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவர். சவரக் கத்தி பிடித்த கையால் சிறுகதை எழுதி, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். கஸ்தூரியார் வீதிச் சலூனில் பிறந்த சஞ்சிகை நாற்பது வருடத்துக்கு மேல் வந்தது. இதழ்களைக் கையில் காவிக்கொண்டு தெருத்தெருவாக விற்றதும் அவர்தான். பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர வந்தபோது வேண்டாம் என்றார்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது மல்லிகையின் அட்டை. எழுத்தாளர், ஆசிரியர், கலைஞர் என்று எங்கள் ஆட்களின் முகங்களை அவர் இதழுக்கு இதழ் அட்டையில் போட்டார். உள்ளே அவர்களைப் பற்றிய கட்டுரை இருக்கும். அவை பிறகு 'அட்டைப்பட ஓவியங்கள்', 'மல்லிகை முகங்கள்' என்று புத்தகங்களாகவும் வந்தன. நாங்கள் இப்போது மதிலில் செய்ய நினைக்கிறதை அந்த மனுசன் தனியாகவே கடதாசியில் செய்து முடித்துவிட்டார்! தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர்: 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. 2021 ஜனவரியில் காலமானார்.

கீறுகிறதுக்கும் வெளியில் ஆள் தேடத் தேவையில்லை. 1938இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். 1959இல் குருநகர்க்காரரான மார்க் மாஸ்டர் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். இரண்டு பேருமே சித்திர ஆசிரியர்கள். அந்த வழியில் வந்த ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, மதில் நல்லாய்க் காய்ந்த பிறகு கீறவேணும், இல்லாட்டி அடுத்த மாரிக்கே நிறம் உரிந்துவிடும். அதைச் சொல்லித்தரவும் அவர்கள்தான் வேண்டும்.

ஒரேயொரு வேண்டுகோள். ஜீவாவைக் கோட்டுப் போட்டுக் கீறாதேங்கோ. வெள்ளை வேட்டி, கையில் ஒரு கட்டு மல்லிகை, பின்னால் அந்தச் சலூன் கதிரை. கதிரையை விட்டுவிட வேண்டாம்.