எழுபதுகளின் ஓசை எது?

நம் சங்க விழாக்களில் இன்னிசைக் கச்சேரி முடிந்ததும் ஒரு வழக்கு தவறாமல் கிளம்பும்: எழுபதுகளின் ஓசைக்கு எந்தப் படத்துப் பாட்டு சாட்சி? பெரும்பாலோர் 1976இல் வந்த ‘அன்னக்கிளி’யைச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பாது. இளையராஜாவின் முதல் படம் எழுபதுகளில் வந்தது, வாஸ்தவம்தான். ஆனால் நாட்டுப்புற மெட்டையும் மேல்நாட்டு வாத்தியக் கோவையையும் அவர் கலந்த ஓசை, கேசட் வழியே டீக்கடை, பஸ், கல்யாணப் பந்தல் என்று ஊரெல்லாம் நிறைந்தது எண்பதுகளில். சரக்கு வந்திறங்கிய தேதி வேறு, விற்பனையான காலம் வேறு; கடைக்காரனுக்கு இது புரியும்.

எழுபதுகள் எம்.எஸ். விசுவநாதனுடையவை. 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’தான் என் கட்சி. மேடைப் பாடகர்களின் கதை அது. ஆகவே கிதாரும் டிரம்ஸும் எஸ்.பி.பி.யின் துள்ளலும் கதைக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டன. ஹிந்தியில் ஆர்.டி. பர்மன் 1971இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’வில் செய்ததற்கு நம் பதில் என்றே சொல்வேன். பதில் எட்டு வருஷம் கழித்து வந்தது, போகட்டும்.

தொண்ணூறுகளுக்கு வழக்கே கிடையாது. 1992இல் ‘ரோஜா’. ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்த இசை அது. பிறகு ஹிந்தியிலும் ஒலித்தது. அதுவரை நம் பாட்டை நாம் வீட்டுக்குள்தான் கேட்டு வந்தோம். அப்புறம் பக்கத்து வீட்டு ஹிந்திக்காரப் பிள்ளைகளே அந்த மெட்டை முணுமுணுக்க, நம் பிள்ளைகள் “இது முதல்ல தமிழ்ப் பாட்டு” என்று சண்டை பிடித்தார்கள்.