சாம்பல் தண்ணீரும் ரோமானியக் கிண்ணமும்

கொஞ்சம் நீண்ட பதிவு. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

போன வாரம் தரம் 9 பிள்ளைகளுக்கு ரோமானிய மட்பாண்டங்கள் பற்றிச் சொன்னேன். ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன் இத்தாலியின் அரெட்சோ நகரில் செய்த சிவந்த, பளபளக்கும் பாத்திரங்கள் பாண்டிச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேடு வரை வந்தன. 1945 இல் மோர்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது அவற்றின் துண்டுகள் கிடைத்தன.

அந்த மினுக்கத்துக்குக் காரணம் மிக நுண்ணிய களிமண் கூழ். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்தால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும். சிறிது காரம் சேர்த்தால் ஒன்றையொன்று தள்ளும். பருமனானவை படிய, நுண்ணியவை மட்டும் மேலே நிற்கும். அதை வடித்துப் பூசிச் சுட்டார்கள். பல நூற்றாண்டுகள் மறந்துபோயிருந்த இந்த முறையை 1942 இல் ஜேர்மனியரான தியோடர் சூமன் விளக்கினார்.

இன்று குயவர்கள் இதற்குச் சோடியம் சிலிக்கேற்று வாங்குகிறார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் அது இல்லை. "அப்ப செய்ய ஏலாதா சேர்?" என்று பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

மூன்று போத்தல் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் 1 லீட்டர் மழைத்தண்ணீர், 400 கிராம் காய்ந்த களிமண் தூள். கிணற்றுத் தண்ணீரிலுள்ள கல்சியம் துணிக்கைகளை ஒட்ட வைக்கும், அதனால்தான் மழைத்தண்ணீர். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் 2 கிராம் சலவைச் சோடா. கூடினால் மறுபடி கட்டியாகும். மற்றதில், ஒரு பிள்ளையின் உம்மம்மா விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்துத் தந்த தண்ணீர்.

மறுநாள் காலை முதல் போத்தல் தெளிந்திருந்தது. சோடாப் போத்தல் நன்றாகக் கலங்கி நின்றது. சாம்பல் போத்தலும் ஓரளவு கலங்கலாகவே இருந்தது. பிள்ளைகள் கத்திய சத்தத்தில் பக்கத்து வகுப்பே வந்துவிட்டது.

பழைய கிரேக்கக் குயவர்களும் மரச்சாம்பலின் காரத்தையே பயன்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 'அல்கலி' என்ற சொல்லே செடிச் சாம்பலைக் குறிக்கும் 'அல்-கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் மாற்று என்று தேடியதுதான் பழையது. பைக்கற்றில் வருவதுதான் அதற்கு மாற்று.

சாமான் இல்லை என்பதற்காகப் பாடத்தை மூடிவைக்க வேண்டாம், உறவுகளே. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்போம். உங்கள் வீட்டில் சாம்பல் தண்ணீரை எதற்கெல்லாம் பாவித்தார்கள்? கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.