தெய்வப் பெயர் தாங்கிய சுருள்கற்கள்: சாளக்கிராமமும் அரியலூர் அம்மோனைட்டுகளும்

கல்லாகிப்போன உயிரைச் சேகரித்து, வகைப்படுத்தி, காட்சிக்கு வைக்கும் வழக்கம் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் வழியே தமிழகத்திற்கு வந்தது என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். வைணவ இல்லங்களின் கோயிலாழ்வாரில் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராமங்களை நோக்கும்போது இக்கருத்து திருத்தம் பெற வேண்டியதாகிறது. அவற்றுள் பெரும்பாலானவை இன்றைய கணவாய்க்கும் நாட்டிலசுக்கும் உறவான, சுருள் ஓடுடைய அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் புதைபடிவங்களே. நேபாளத்தில் கண்டகி ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கரிய களிப்பாறைகளிலிருந்து அவை அரித்து வரப்படுகின்றன. அப்பாறைகள் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சார்ந்தவை.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் சாளக்கிராமத்திற்கு அளித்துள்ளார். அப்பதிகம் தலத்தையே முன்னிறுத்துகிறது. கல்லைப் பற்றிய வருணனை அதன் நோக்கமன்று. கல்லின் இலக்கணத்தை வகுத்தவை புராணங்களே. சக்கரங்கள் எத்தனை, அவை அமைந்த இடம் எது, வாய் எத்தகையது, நிறம் யாது என்பனவற்றைக் கொண்டு ஒவ்வொரு கல்லும் கேசவன், நாராயணன், தாமோதரன் எனப் பெயர் பெறுகிறது. இங்குச் சக்கரம் எனப்படுவது ஓட்டின் வரிகள் கல்லில் பதித்த தடமாகும். உருவ வேறுபாட்டை உற்றுநோக்கிப் பெயரிடும் இம்முறையை வகைப்பாடு என்றே கொள்ளலாம். இக்கல்லுக்கு விலை கூறுதல் ஆகாது என்பதும் மரபு. ஆயினும் வணிகம் நடந்தே வந்துள்ளது என்பது வேறு செய்தி.

இலண்டனில் இட்ட பெயர்கள்

தமிழகத்து அம்மோனைட்டுகள் ஜுராசிக் காலத்தவை அல்ல. அதற்கு அடுத்த கிரிட்டேசியஸ் காலத்தவை. புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர்ப் பகுதிகளில் அவை கிடைக்கின்றன. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் ஆகிய இருவரும் 1840களின் தொடக்கத்தில் திரட்டிய தொகுதி இலண்டன் புவியியற் கழகத்திற்குச் சென்றது. அதனை ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ் இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர். 1846இல் அச்சான தம் அறிக்கையில் அவர் அம்மோனைட் இனங்களுக்கு இட்ட பெயர்கள் வியப்பிற்குரியன: பிரம்மா, இந்திரா, சூரியா, வருணா, கணேசா, மனு. பின்னர் இவற்றுள் பிரம்மாவை ஒட்டிப் பிரம்மைட்டஸ் என்றும், மனுவை ஒட்டி மெனுவைட்டஸ் என்றும் பேரினப் பெயர்களே தோன்றின.

சாளக்கிராம மரபை அறிந்து ஃபோர்ப்ஸ் இவ்வாறு செய்தார் எனக் கூற இயலாது. அம்மோனைட் என்னும் சொல்லே ஆட்டுக்கொம்புடைய எகிப்தியத் தெய்வமான அம்மோனின் பெயரால் ஆனது. எனவே சுருள்கல்லுக்குத் தெய்வப் பெயர் சூட்டுதல் மேலை மரபிலும் பழையதே. இங்குக் கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. சாளக்கிராமத்தில் பெயர் என்பது கல்லில் உறையும் தெய்வத்தைச் சுட்டுகிறது. ஃபோர்ப்ஸின் பட்டியலில் அது கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளச் சீட்டு மட்டுமே. அப்பட்டியலில் தெய்வங்களோடு கேயும் கன்லிஃபும் இடம்பெற்றனர். கல் கிடைத்த ஊர்களில் அதைக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு அதில் இடமில்லை.

இத்தொகுதி 1911இல் புவியியற் கழகத்திலிருந்து பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. இனப்பெயரை உறுதிசெய்யும் மூலப்படிவத்தைக் காண விரும்பும் தமிழக ஆய்வாளர் இன்றும் இலண்டனை நோக்க வேண்டியுள்ளது.

பாறைக்கு ஊர்ப் பெயர்

அடுத்து வந்த பிளான்ஃபோர்டின் பணி வேறு வகையானது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த அவர், நிலத்தில் நடந்து பாறை அடுக்குகளை வரைபடமாக்கினார். 1862இல் வெளியான அவரது நூல் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. அவற்றின் அம்மோனைட்டுகளை ஸ்டோலிஸ்கா 1863 முதல் 1866 வரை விளக்கி எழுதினார். அத்தொகுதி கொல்கத்தாவில் தங்கியது. இமயமலை நீத்திப் பகுதிப் புதைபடிவங்களைப் பற்றிய 1865ஆம் ஆண்டு நூலிலும் பிளான்ஃபோர்டுக்குப் பங்குண்டு. சாளக்கிராமங்களில் மிகுதியாகக் காணப்படும் ஜுராசிக் அம்மோனைட் ஒன்று இன்று பிளான்ஃபோர்டிசெராஸ் என வழங்குகிறது. கேசவன் என்று திருமஞ்சனம் பெறும் கல்லே அறிவியல் பட்டியலில் ஓர் ஆங்கிலேயர் பெயரைத் தாங்கி நிற்கிறது!

ஊர்ப் பெயர்களின் வரலாறும் எளியதன்று. கல்லக்குடியில் 1939இல் சிமெண்ட் ஆலை அமைந்தபின் ஊர் டால்மியாபுரம் ஆயிற்று. பழைய பெயரை மீட்க 1953 ஜூலையில் நடந்த போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றில் நன்கறியப்பட்டது. ஆயினும் புவியியல் நூல்களில் டால்மியாபுரம் பாறைத்தொகுதி என்ற பெயர் இன்றும் நிலைத்துள்ளது. இதனைப் பெயராய்வாளர் எவரும் போதிய அளவு கவனிக்கவில்லை எனலாம்.

கல்லைப் பற்றிய ஆவணங்களில் தமிழ் உழைப்பு மறைந்துபோதல் அரியலூரோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயலின் ஊரிகம் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமை உடையன. ஓடுடைய உயிர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முற்பட்ட அவற்றில் அம்மோனைட்டைத் தேடுதல் வீண். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அங்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தனர். 2001இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை வெளிவந்த பொன் சுமார் 800 டன் என்பது பதிவாகியுள்ளது. தோண்டியவர்களோ அங்கும் எண்ணிக்கையாகவே எஞ்சினர்.

சேகரிப்பும் இழப்பும்

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகிறது. கருடமங்கலத்தின் சிப்பிகள் செறிந்த கல் முன்பே 'திருச்சிராப்பள்ளிப் பளிங்கு' என்ற பெயரில் மெருகேற்றப்பட்டு அலங்காரப் பொருளாயிற்று. சுரங்கக் குழிகள் புதிய படிவங்களை வெளிப்படுத்துகின்றன. அவற்றையே அரைவைக்கும் அனுப்புகின்றன. காரைப் பகுதியின் அரிப்பு நிலத்தில் மழைக்குப்பின் படிவங்களைப் பொறுக்குவோரும் உளர்.

சாளக்கிராமம் கண்டகியை விட்டு எவ்வளவு தொலைவு வந்தாலும் அதன் பொருள் குறைவதில்லை. புனிதம் கல்லோடு வருகிறது. அரியலூர் அம்மோனைட்டின் நிலை வேறு. எந்த அடுக்கில், எந்த ஊர் எல்லையில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்னும் குறிப்பு நீங்கினால், கால வரிசையில் அது இருந்த இடமும் போய்விடுகிறது. எஞ்சுவது அழகிய சுருள் மட்டுமே.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இப்போது புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது. அங்கு வரும் படிவங்களின் அட்டையில் இனப்பெயரோடும் பாறைத்தொகுதியோடும் கிராமத்தின் பெயரும், கண்டெடுத்துக் கொடுத்தவரின் பெயரும் எழுதப்படுதல் வேண்டும். இலண்டனும் கொல்கத்தாவும் செய்யாத இப்பதிவுக்குத் தனிச் செலவு எதுவும் தேவையில்லை.