உங்க வீட்டுச் சுவரில் சின்னம் வரைய யாருக்கு உரிமை? தேர்தல் விளம்பர விதிகள் முழு விவரம்

ஆலந்தலை:

தேர்தல் வரப்போகுதுன்னா முதலில் தெரிவது சுவரில்தான். ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை அடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரை எழுதி 'ரிசர்வ்' பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நம்ம வீட்டுச் சுவர் நம்மளது இல்லை. கேட்டால், "நம்ம பயலுவதான் அண்ணாச்சி" என்று பதில் வரும்.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருச்செந்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும், அது அடங்கிய தூத்துக்குடி நாடாளுமன்றத் தொகுதிக்கும் பொருந்துகிற விதிகள் இதோ:

நகராட்சியா, ஊராட்சியா?

சுவர் விளம்பரத்தை தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (அழகைச் சீர்குலைத்தல் தடை) சட்டம் 1959 கட்டுப்படுத்துகிறது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தலைமைத் தேர்தல் அதிகாரியாக இருந்த நரேஷ் குப்தா இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த பிறகுதான், சுவர் முழுக்க சின்னம் என்கிற பழைய காட்சி நகரங்களில் மறைந்தது.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் தேர்தல் சமயத்தில் சுவரில் எழுதக்கூடாது. வீட்டுக்காரர் சரி என்றாலும் கூடாது. கிராம ஊராட்சிப் பகுதியில், வீட்டுக்காரர் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தால் எழுதலாம்.

திருச்செந்தூர் 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக ஆனது. சுற்றிலும் கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. உங்க வீடு எதில் வருது என்று தெரிய வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நகராட்சி என்று இருந்தால் பேச்சே இல்லை.

வாய்ச் சொல் போதாது

"அவருதான் எழுதிக்கச் சொன்னாரு" என்று கட்சிக்காரர் சொல்வது செல்லாது. உரிமையாளரின் கையெழுத்து போட்ட கடிதம் வேண்டும். அதன் நகலையும், செலவு விவரத்தையும் 3 நாட்களுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் வேட்பாளர் கொடுக்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் கையெழுத்து போடுமுன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மிரட்டியோ, கடன் பாக்கியைச் சொல்லிக் காட்டியோ வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. கொடிக்கம்பம் நடுவது, பேனர் கட்டுவது, நோட்டீஸ் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கரையில் நிற்கிற வள்ளமும் ஒருத்தருடைய சொத்துதான். அதில் கொடி கட்டுவதும் கட்டாததும் வள்ளக்காரர் இஷ்டம்.

24, 48, 72 மணி கணக்கு

தேர்தல் தேதி அறிவித்த நிமிஷமே நடத்தை விதி அமலுக்கு வந்துவிடும். அதில் இருந்து:

அரசு அலுவலக வளாகங்களில் உள்ள விளம்பரங்கள் 24 மணி நேரத்தில் போக வேண்டும்.

பஸ் நிலையம், பாலம், கரண்ட் கம்பம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரம்.

தனியார் சொத்தில் விதியை மீறி இருப்பவை 72 மணி நேரம்.

பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, மீன் ஏலக்கூடம், கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவு எல்லாம் மக்கள் பணத்தில் கட்டியவை. எந்தக் கட்சிக்கும் அதில் இடம் கிடையாது.

கோயில் வளாகத்தில் கூடவே கூடாது

ஆலந்தலை போன்ற ஊரில் நாலு பேர் கூடும் இடமே கோயில்தான். அதனால் கட்சிக்காரர்கள் கண்ணும் அங்கேதான். ஆனால் சர்ச், கோவில், பள்ளிவாசல் எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. 1988-ல் வந்த மத நிறுவனங்கள் துஷ்பிரயோகத் தடுப்புச் சட்டத்தில் 5 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதில் மாட்டலாம் என்பதால் ஊர்க்கமிட்டியினர் உஷாராக இருப்பது நல்லது.

போஸ்டரில் அச்சகம் பெயர் எங்கே?

போஸ்டர், நோட்டீசில் அச்சடித்தவர், வெளியிட்டவர் இரண்டு பேரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு. மீறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பிகள் இதைக் கவனிக்கணும். வெளியிடுபவரின் உறுதிமொழிக் கடிதமும், அதில் 2 பேர் சாட்சிக் கையெழுத்தும் இல்லாமல் மிஷினை ஓட்டக்கூடாது.

வேட்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல், ஆர்வத்தில் சொந்தக் காசைப் போட்டு விளம்பரம் செய்கிறவருக்கும் ஆபத்து. பாரதிய நியாய சன்ஹிதா 176-வது பிரிவில் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 2024 ஜூலை 1-க்கு முன்பு இருந்த பழைய சட்டத்தில் இது வெறும் 500 ரூபாய்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

பேனர் எடுத்த உயிர்

12.9.2019 அன்று சென்னை பள்ளிக்கரணையில், ரோட்டில் வைத்திருந்த கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது இளம்பெண் மீது விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. டிஜிட்டல் பேனர் வைக்க 2018 டிசம்பரிலேயே ஐகோர்ட்டு இடைக்காலத் தடை போட்டிருந்தும் நடந்த கொடுமை இது. கடல் காத்து அடிக்கிற நம்ம ஊரில் ரோட்டோரம் சவுக்குக் கம்பில் கட்டிய பேனர் எந்த நேரமும் சாயலாம்.

பொது இடங்களில் நிற்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி ஐகோர்ட்டு மதுரை கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அதை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்தன.

ஓட்டுப்பதிவு அன்று

வாக்குச்சாவடியில் இருந்து 100 மீட்டருக்குள் கட்சி விளம்பரம், சின்னம் எதுவும் இருக்கக்கூடாது. போலீசார் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். உங்க வீடு அந்த எல்லைக்குள் இருந்தால் முதல் நாளே மாடியில் கட்டிய கொடியைக் கழற்றிவிடுங்கள்.

புகார் செய்வது எப்படி?

செல்போனில் 'சி-விஜில்' செயலி மூலம் போட்டோ அல்லது வீடியோ எடுத்து அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. தேர்தல் காலத்தில் மட்டும்தான் இது வேலை செய்யும். செயலி இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால், அப்போது அவர்கள் அறிவிக்கும் எண்ணில் புகார் செய்யணும்.

சுவரில் எழுதிய செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். அதனால்தான் கணக்கில் காட்டாமல் இருட்டில் வந்து எழுதுகிறார்கள். சம்மதக் கடிதம் கொடுப்பதாக இருந்தால் ஒரு நகலை நீங்களும் பத்திரமா வச்சுக்குங்க. கொடுக்க இஷ்டம் இல்லையா? "எழுதாதீங்க" என்று தைரியமாகச் சொல்லலாம். சட்டம் உங்க பக்கம்தான்.